இரண்டாவது படகுப் பாட்டு

அவள் புருஷனுக்கு அவன் வேலை பார்க்கும் கடையில் வைத்த பெயர் காது. கிண்டலுக்குத்தான் வைத்தார்கள். அவன் அதைப் பட்டம் என்று எடுத்துக்கொண்டு வீடுவரை சுமந்து வந்தான். "கடையில என்னை என்னன்னு கூப்பிடறாங்க தெரியுமா?" என்று சொல்லும்போது அவன் முகத்தில் அவ்வளவு பெருமை. அன்றிலிருந்து அவளும் மனதுக்குள் அவனை அப்படித்தான் கூப்பிட்டாள். பெருமையாக இல்லை.

கடை என்றால் சாதாரணக் கடை இல்லை, அதை அவனே சொல்லிவிடுவான். ஆளுயர ஒலிபெருக்கிகளை நிறுத்தி, எதிரே ஒரே ஒரு நாற்காலி போட்டு, வருகிறவர்களை உட்காரவைத்துப் பாட்டுப் போட்டுக் காட்டுகிற இடம். பாட்டு முடிந்ததும் "வித்தியாசம் தெரியுதா சார்?" என்று கேட்பது அவன் வேலை. தெரிகிறது என்று சொன்னவர்களை அவன் நம்ப மாட்டான். தெரியவில்லை என்று சொன்னவர்களைச் சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் வைத்துக் கிழிப்பான். அவனுக்கு உலகத்தில் இரண்டே ரகம்: ஒரிஜினல், டூப்ளிகேட். பக்கத்து வீட்டுக்காரர் டூப்ளிகேட். கடை முதலாளி டூப்ளிகேட். போனில் பாட்டுக் கேட்கிற ஜனம் மொத்தமும் டூப்ளிகேட். தான் ஒருவன்தான் ஒரிஜினல் என்று அவன் வாய்விட்டுச் சொன்னதில்லை. மற்ற எல்லோரையும் கழித்துவிட்டால் மிச்சம் யார் என்று கேட்கிறவர்களே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

கல்யாணமான முதல் வருடம் அவள் சமையலறையில் ஏதோ பாடிக்கொண்டே பாத்திரம் துலக்கினாள். வாசற்படியில் வந்து நின்று கண்ணை மூடிக் கேட்டான். ரசிக்கிறான் என்று நினைத்து அந்தப் பேதை இன்னும் கொஞ்சம் இழுத்துப் பாடினாள். "அந்த இடத்துல சுருதி இறங்குது, உனக்குத் தெரியுதா?" என்று கேட்டுவிட்டு, அவள் வாயைத் திறப்பதற்குள் "தெரியாது" என்று பதிலையும் அவனே சொல்லிவிட்டுப் போய்விட்டான். அதற்குப் பிறகு பதினாறு வருடம் அவள் வீட்டில் பாடவில்லை. வீட்டில் என்ன, ஓர் ஆள் பக்கத்தில் இருந்தாலே பாட்டு வராது. முதலில் அழுகை வந்தது. பிறகு கோபம் வந்தது. இப்போதெல்லாம் அவன் காதைத் தீட்டிக்கொண்டு எதையாவது கேட்பதைப் பார்த்தால் அவளுக்கு இளக்காரம்தான் வருகிறது.

அவள் பல் செய்கிற கூடத்தில் வேலை பார்த்தாள். பல் டாக்டர்கள் எடுத்து அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, காயவைத்து, அதன் மேல் செயற்கைப் பல் கட்டுகிற வேலை. கூடத்தின் பின்புறம் பிளாஸ்டர் மூட்டைகள் அடுக்கிய ஓர் அறை. நாலு பக்கமும் கூரைவரை மூட்டை. உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் தெருச் சத்தம் செத்துப்போகும், பேசினால் எதிரொலி இருக்காது. ஒருநாள் மூட்டை எண்ணப் போன இடத்தில் அவளை அறியாமல் இரண்டு வரி பாடினாள். குரல் நேராக வந்து நின்றது. அவளுக்கே அது தன் குரல்தானா என்று சந்தேகமாகிவிட்டது.

அன்று பிடித்த பித்துதான். போனில் ஓர் ஆப் போட்டுக்கொண்டாள். பழைய சினிமாப் பாட்டின் வாத்தியம் மட்டும் காதில் ஓடும், அதோடு சேர்ந்து பாடினால் இரண்டையும் கலந்து ஒரு பாட்டாக்கித் தரும். பதினாலு மாதம், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், பிளாஸ்டர் தூசியில் தும்மிக்கொண்டே முப்பத்தோரு பாட்டுப் பாடினாள். ஒவ்வொன்றும் நாற்பது, ஐம்பது முறை பாடித் தேறியது. ஆப்பில் ஐந்து பாட்டுக்குத்தான் இடம். அதனால் ஒன்று தேறியதும் போனில் இருக்கும் மற்றப் பாட்டுகளோடு அதைச் சேர்த்துவிட்டு ஆப்பிலிருந்து அழித்துவிடுவாள்.

சேர்க்கும்போது ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தாள். காது அவள் போனை எடுத்து "என்ன குப்பையெல்லாம் வச்சிருக்கே" என்று பார்க்கிற ஆள். ஆகவே தன் பாட்டுக்கு அசல் பாட்டின் பெயரையே எழுத்துப் பிசகாமல் வைத்தாள். வாத்தியம் அதேதான் என்பதால் நீளமும் நொடிக்கு நொடி அதே. பட்டியலில் ஒரே பாட்டு இரண்டு முறை இருப்பதாகத்தான் தெரியும். எது யார் பாடியது என்று போட்டுக் கேட்டால்தான் விளங்கும். அவள் போனில் இருக்கிற பாட்டைக் காது போட்டுக் கேட்கவா போகிறான்?

இந்தப் பாட்டுகளுக்கு இப்போது ஒரு வேலையும் வந்திருந்தது. ஊரில் பதினாலு பேர் சேர்ந்து பாடுகிற ஒரு குழு. தாழ்ந்த குரல் வரிசையில் ஒரு பெண் விலகி ஓர் இடம் காலி. குழுவை நடத்துகிறவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அம்மாள். கண்ணாடிக்கு அளவு பார்க்கப் போன இடத்தில் அவள் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினாள். கண்ணாடிக்காரம்மா தன் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுக் கேட்டார். "நேர்ல வந்து பாடறீங்களா?" என்றார். "ஐயோ, ஆள் இருந்தா எனக்கு வராதுங்க" என்றாள். "சரி, பத்துப் பாட்டு அனுப்புங்க. பேர் சொல்லாம எல்லாருக்கும் போட்டுக் காட்டறேன். சேர்ந்துட்டா நடுவுல நின்னு பாடப்போறீங்க, பயம் தன்னால போயிடும். சனிக்கிழமை ஆறு மணி, அதுதான் கடைசி." பதினாறு வருடத்தில் அவள் தனக்காக ஆசைப்பட்டது இந்த ஓர் இடத்துக்குத்தான்.

முப்பத்தோராவது பாட்டு வியாழக்கிழமை தேறியது; இனிப் பத்தைப் பொறுக்கி அனுப்ப வேண்டியதுதான். வெள்ளிக்கிழமை காது புதுப் போன் வாங்கிக்கொண்டு வந்தான்.

வாங்கினவன் சும்மா இருந்திருக்கலாம். பழைய போன், புதுப் போன், அவள் போன், மடிக்கணினி, வீட்டுக் கூடத்தில் இருக்கும் பெரிய பிளேயர் எல்லாவற்றையும் ஒரே அக்கவுண்டில் சேர்த்து சிங்க் செய்தான். "இனிமே எங்க போனாலும் ஒரே லிஸ்ட்" என்று கையை உதறிக்கொண்டு உட்கார்ந்தான். பிளேயரைப் போட்டான். ரயில் பாட்டு வந்தது. முடிந்ததும் மறுபடியும் ரயில் பாட்டு, அதே ஆள். அவன் போனில் ஒன்று, மடிக்கணினியில் ஒன்று என்று இருந்ததெல்லாம் ஒன்றாகக் கொட்டிவிட்டது. அடுத்து படகுப் பாட்டு வந்தது. அது அவளுடைய முப்பத்தொன்றில் ஒன்று. அசல் ஓடி முடிகிற நேரம் காது தண்ணீர் குடிக்க உள்ளே போனான். முன்னிசை மறுபடி தொடங்கியது. இன்னும் பத்து நொடியில் அவள் குரல் கூடம் முழுக்கக் கேட்கப்போகிறது. கையில் இருந்த துணியைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பிளேயரை அணைத்தாள்.

"ஏன் நிறுத்தின?" என்று வந்தான்.

"ஒரே பாட்டு ரெண்டு ரெண்டு தடவை வருது. தலைவலிக்குது."

"டூப்ளிகேட்" என்றான் காது, வாயில் கசப்பு பட்டதுபோல. "நாளைக்கு லீவு. உக்காந்து எல்லாத்தையும் ஒழிச்சுக் கட்டறேன்."

"என் போன்ல இருக்கறதை விட்டுடுங்க. நான் பாத்துக்கறேன்."

"நீயா? உனக்கு சிங்க்னா என்னன்னு தெரியுமா?"

தெரியாது. அதுதான் அன்றைக்கு நடந்த பிசகு. போன் தன் கைப்பைக்குள் இருக்கும்வரை அதில் யாரும் கைவைக்க முடியாது என்று அவள் நம்பினாள். பணப்பைக்கும் சாவிக்கும் பொருந்துகிற நியாயம் போனுக்கும் பொருந்தும் என்று நினைத்தாள்.

சனிக்கிழமை பல் கூடம் ஒரு மணிவரைதான். பதினொன்றரைக்கு டீ நேரத்தில் பிளாஸ்டர் அறைக்குப் போய் மூட்டைமேல் உட்கார்ந்து போனைத் திறந்தாள். பத்தையும் வரிசைப்படுத்தி அனுப்பிவிட்டால் தீர்ந்தது. மேலே பாட்டு எண்ணிக்கை அறுநூற்று நாற்பது என்று காட்டியது. படகுப் பாட்டைத் தேடினாள், ஒன்றுதான் இருந்தது. போட்டாள். அசல். திரும்ப மேலே பார்த்தாள், அறுநூற்றுப் பன்னிரண்டு. கண் எதிரே அது அறுநூற்று ஒன்பது ஆயிற்று, பிறகு ஐந்நூற்றுத் தொண்ணூறு. யாரும் தொடாமல் பட்டியல் தன்பாட்டுக்குச் சுருங்கிக்கொண்டிருந்தது.

போன் செய்தாள். எடுக்கவில்லை. ஆறு முறை செய்தாள். காது காதை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்று புரிந்தது. அந்தப் பெரிய ஹெட்போனை மாட்டிவிட்டால் வீடு பற்றி எரிந்தாலும் அவனுக்குக் கேட்காது. போனையே அணைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து உயிர்ப்பித்துப் பார்த்தபோது எண்ணிக்கை நானூற்று எழுபதில் நின்றுவிட்டிருந்தது. முப்பத்தொன்றையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். முப்பத்தொன்றும் பிறத்தியார் குரல்.

ஒரு மணிக்கு முதலாளி பல் கூடத்தைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனார். அவள் பேருந்து நிறுத்தத்தில் நின்று கண்ணாடிக்காரம்மாவுக்குப் போன் செய்து, பாட்டெல்லாம் அழிந்துவிட்டது என்று மட்டும் சொன்னாள். யார் அழித்தது என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

"அடடா. தேதியைத் தள்ள முடியாதும்மா, இன்னும் நாலு பேர் அனுப்பியிருக்காங்க. ஒண்ணு பண்ணுங்க, மூணு பாட்டு போதும். எங்க பாடினாலும் சரி. ஆறு மணிக்கு நாங்க கேக்க உக்காருவோம், அதுக்குள்ள வந்துடணும்."

வீட்டுக்குள் நுழைந்தபோது காது கூடத்தில் சோபாவில் வெற்றி வீரனாக உட்கார்ந்திருந்தான். பிளேயரிலிருந்து ஒரு கம்பி மடிக்கணினிக்கு, அதிலிருந்து ஒரு கம்பி புதுப் போனுக்கு.

"ஆறு தடவை கூப்பிட்டிருக்க. என்ன விஷயம்?"

"என் போன்ல இருந்ததையும் எடுத்துட்டீங்களா?"

"எல்லாம் ஒரே அக்கவுண்ட்தானே. இங்க எடுத்தா அங்கயும் போயிடும், அதுதான் சிங்க். நூத்தி எழுபது டூப்ளிகேட் இருந்துச்சு, தெரியுமா? நம்ம வீட்டுல."

"எது ஒரிஜினல், எது டூப்ளிகேட்டுன்னு எப்படிப் பாத்தீங்க?"

இந்தக் கேள்விக்காகவே காலையிலிருந்து காத்திருந்தவன்போல நிமிர்ந்து உட்கார்ந்தான். "ஒரே பேரு, ஒரே நீளம்னா ஒண்ணு போதும். ரெண்டுல ஃபைல் பெருசா இருக்கறதுதான் நல்ல ரெக்கார்டிங். சின்னதை அழின்னு சொல்லிட்டா கம்ப்யூட்டரே பாத்துக்கும்."

"போட்டுக் கேக்கலையா?"

"சாம்பிளுக்கு ஒண்ணு ரெண்டு கேட்டேன். நீ எங்கேர்ந்து பிடிச்சியோ, யாரோ ஒரு பொம்பளை பாடின காப்பி ஒண்ணு கிடந்துச்சு. படகுப் பாட்டு. யாரு அது?"

அவள் செருப்பைக் கழற்றாமல் நின்றாள். "ஏன்?"

"குரல் நல்லா இருந்துச்சு. சும்மா சொல்லக் கூடாது. சரணத்துல ஒரு நீளமான அடி வருமே, மூச்சே விடாம ஒரே இழுப்புல போயிட்டா. ரெண்டு தடவை போட்டுக் கேட்டேன்."

பதினேழு வருடத்தில் அவன் வாயிலிருந்து யாரையும் பற்றி இப்படி ஒரு வார்த்தை வந்து அவள் கேட்டதில்லை.  அவளுக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன். அந்தச் சந்தோஷம் வந்ததற்காகத் தன் மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது.

"நல்லா இருந்தா ஏன் அழிச்சீங்க?"

"ரெக்கார்டிங் குப்பை. ஏதோ மூட்டைக்குள்ள உக்காந்து பாடின மாதிரி. பாட்டு எப்படி இருந்தா என்ன, சின்ன ஃபைல், எடுத்துடுச்சு. குப்பைத் தொட்டியையும் காலி பண்ணிட்டேன், சுத்தமா."

நான்தான் அது என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு நிமிடம் முழிப்பான். பிறகு, "அதானே பார்த்தேன், அந்த இடத்துல கொஞ்சம் சுருதி" என்று ஆரம்பிப்பான். தெரியாத பொம்பளைக்குக் கிடைத்த பாராட்டைக்கூடத் திருப்பி வாங்கிக்கொள்வான். வேண்டாம் என்று உள்ளே போனாள். விளக்கம் சொல்ல நேரமும் இல்லை, மணி இரண்டே கால்.

படுக்கையறையில் அலமாரியைத் திறந்து, துணிகளுக்கு நடுவில் தலையை விட்டுப் பாடிப் பார்த்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த கட்டடத்தில் எவனோ துளை போட்டுக்கொண்டிருந்தான். நாலு முறை முயன்றாள், நாலிலும் துளைக்கிற சத்தம் விழுந்தது. குளியலறையில் குரல் அண்டாவுக்குள் கத்தியதுபோல் முழங்கியது. சமையலறைக்கும் துளைச் சத்தம் வந்தது. கூடம் ஒன்றுதான் மிச்சம். மணி நாலே கால் ஆகிவிட்டது.

"கொஞ்ச நேரம் வெளில போயிட்டு வரீங்களா?" என்றாள் கூடத்துக்கு வந்து.

"எதுக்கு? சிங்க் ஓடிக்கிட்டு இருக்கு. நடுவுல விட்டுட்டுப் போனா மறுபடி ரெண்டு ரெண்டா வந்து நிக்கும்."

"எனக்கு ஒரு பாட்டு பாடி அனுப்பணும்."

காது கம்பிகளிலிருந்து தலையைத் தூக்கினான். "நீயா?"

"ஆமா."

"பாடு. நான் என்ன பண்ணப் போறேன், என்பாட்டுக்கு இருக்கேன்." உதட்டோரத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டு மறுபடி திரையைப் பார்த்தான். அடக்கியது அவளுக்குத் தெரிய வேண்டும் என்கிற அளவுக்குத்தான் அடக்கினான்.

சாப்பாட்டு மேஜையில் தண்ணீர் ஜாடிக்குச் சாய்த்துப் போனை நிறுத்தினாள். வாத்தியம் கேட்க ஒரு காதில் மட்டும் இயர்போனை மாட்டிக்கொண்டு, அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். முதல் முறை ஓர் எழுத்துகூட வெளியே வரவில்லை. இரண்டாம் முறை வந்தது நடுங்கியது. பின்னால் அவன் தொண்டையைக் கனைத்தான். மூன்றாம் முறை பல்லவியைத் தாண்டினாள். நாலாம் முறை சரணம்வரை போய், அந்த நீளமான அடியின் நடுவில் மூச்சு அறுந்து நின்றது.

"படகுப் பாட்டா?" என்றான் காது. அவனால் முடியாது, கருத்துச் சொல்லாமல் இருந்தால் அவனுக்கு உடம்புக்கு ஆகாது. "மத்தியானம் சொன்னேனே, அந்தப் பொம்பளை இந்த இடத்தை எப்படிப் பாடினா தெரியுமா? நீ உடைக்கற. அவ உடைக்கவே இல்ல."

அவள் நாற்காலியைத் திருப்பி அவனைப் பார்த்தாள். சோபாவில் கால்மேல் கால் போட்டு, மடியில் கம்பிகளோடு, கற்றுக்கொடுக்கத் தயாராக உட்கார்ந்திருக்கிற இந்த ஆளுக்குப் பயந்தா பதினாறு வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன் என்று நினைத்தபோது அவளுக்கு அவமானமாக இருந்தது. அவனுக்காக இல்லை, தனக்காக.

"ஆமா. அவ நல்லாதான் பாடினா" என்றாள். "அவ பாடும்போது நீங்க பக்கத்துல இல்ல."

காது ஏதோ சொல்ல வாயைத் திறந்தான்.  மடிக்கணினியைப் பார்த்தான், மேஜைமேல் ஜாடிக்குச் சாய்ந்திருந்த போனைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அவன் முகத்தில் ஒவ்வொன்றாகக் கணக்கு ஓடுவதை அவள் அவசரப்படாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது... நீயா?"

அவள் காதிலிருந்து இயர்போனைக் கழற்றினாள்.

"எனக்கு ஏன் சொல்லவே இல்ல?"

"நீங்க கேக்கவே இல்லையே."

"கேட்டேனே. காலைல ரெண்டு தடவை" என்று தொடங்கினவன், பாதியில் நிறுத்திக்கொண்டான். தன் வாயிலிருந்து வந்தது தனக்கே கேட்டுவிட்டது போலிருக்கிறது.

"எந்திரிங்க. ஆறு மணிக்கு முன்னாடி உள்ள வராதீங்க."

"சிங்க் ஓடிக்கிட்டு..." என்றான், பழக்கதோஷத்தில். அவள் எழுந்து போய்ப் பிளேயரின் கம்பியைப் பிடுங்கினாள். அவன் எழுந்தான். கையில் புதுப் போனைப் பிடித்துக்கொண்டு, யாரோ வீட்டுக்குள் தவறி வந்துவிட்டவன்போல வாசல்வரை போனான். அங்கே திரும்பி நின்றான்.

"நான் சத்தம் போடாம இருக்கேன். ஒரு ஓரமா உக்காந்து கேக்கறேனே."

"வேணாம்."

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். மணி நாலு நாற்பது. மூன்று பாட்டுக்குப் போதும். போனை நேராக்கி, காதில் இயர்போனை மாட்டி, விரலை எடுத்துப் பொத்தான்மேல் வைத்தாள். அழுத்தவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் எழவே இல்லை. ஆள் கதவோடு கதவாக ஒட்டிக்கொண்டு நிற்கிறான்.

"படி இறங்கிக் கீழ போங்க" என்றாள், குரலை உயர்த்தாமல்.

 பிறகு ஒரு படி, இன்னொரு படி என்று சத்தம் கீழே இறங்கியது. கடைசிப் படிவரை எண்ணிக் கேட்டுவிட்டு அவள் பொத்தானை அழுத்தினாள்.